சந்தைக்குப் போக மின் ஸ்கூட்டர் கட்டுபடியாகுமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளம். இத்தனை தூரம் ஓட பெட்ரோல் வண்டிக்குக் கால் லிட்டருக்கு மேல் ஆகும். மின் ஸ்கூட்டருக்கு அரை யூனிட் மின்சாரம் போதும். ஆனால் மின் வண்டியின் விலை பெரும்பாலும் கூடுதல். எனவே கணக்குப் பார்த்தே வாங்க வேண்டும்.

கத்தரியும் கீரையும் ஏற்றிக்கொண்டு 15 கி.மீ. தொலைவிலிருந்து திருவண்ணாமலை உழவர் சந்தைக்கு வரும் சிறு விவசாயியை எடுத்துக்கொள்வோம். போக வர 30 கி.மீ. வருடத்தில் 300 நாள் வந்தால் 9,000 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும் வண்டிக்கு 180 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். யூனிட்டுக்கு 30 கி.மீ. ஓடும் மின் வண்டிக்கு 300 யூனிட் ஆகும். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் செலவு 1,800 ரூபாய்தான். மிச்சம் 16,200 ரூபாய். விலையில் 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் திரும்பிவிடும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வண்டிக்கு ஆவது 50 யூனிட். விளக்கும் விசிறியும் மட்டுமே உள்ள வீடுகளில் செலவு இன்னும் குறையும்.

நாளைக்கு 5 கி.மீ. மட்டும் ஓட்டுபவருக்கு வருடத்தில் மிச்சம் 2,700 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப 11 வருடம் ஆகும். அதற்குள் பாட்டரியையே மாற்ற வேண்டி வரலாம். இவர் இருக்கும் வண்டியை ஓட்டுவதே மேல். பாட்டரிக்கு எத்தனை வருடம் உத்தரவாதம், புதிது என்ன விலை என்பதை வாங்குமுன் எழுத்தில் கேட்டுப் பெறவும். மூட்டை ஏற்றினாலும், ஜமுனாமரத்தூர் போல மலை ஏறினாலும் சொன்ன தூரம் ஓடாது.

பம்பு செட் இலவச மின்சாரத்தில் வண்டிக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. வேறு உபயோகத்துக்குத் திருப்பினால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி இரு மடங்குக் கட்டணம் விதிக்கப்படும்.

புகை விஷயத்திலும் இலாபம் உண்டு. 180 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 410 கிலோ கரியமில வாயு வெளியாகும். 300 யூனிட் மின்சாரத்துக்கு, நாட்டின் சராசரிப்படி, அனல் நிலையங்கள் வெளிவிடுவது சுமார் 210 கிலோ. பாட்டரி தயாரிப்பில் வெளியாவது இதில் சேரவில்லை. சூரிய சக்தியும் காற்றாலையும் பெருகப் பெருக இந்த 210 கிலோ குறையும்.

வெயிலில் ஓட்டி வந்த வண்டியை அரை மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, எர்த் சரியாக உள்ள பிளக்கில் மாட்டவும். வைக்கோல் போருக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் அருகில் சார்ஜ் ஏற்ற வேண்டாம்.