கோழிக்குஞ்சுக்கு ஒரு சூட்டுப் பெட்டி



ஓணான் ஏன் காலையில கல்லு மேல ஏறி வெயில் காயுது தெரியுமா? ஓணான், பாம்பு, முதலை எல்லாம் ஊர்வன. நம்மைப் போல உடம்புக்குள்ளேயே போதுமான சூட்டை அவற்றால் உண்டாக்க முடியாது. வெளியிலிருந்துதான் வாங்கணும்.

மகாபலிபுரம் போற வழியில வடநெம்மேலியில முதலைப் பண்ணை இருக்கு. 1976ல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. அங்கே முதலை முட்டைகளை வேற வேற சூட்டில் வைத்து ஆராய்ந்தார்கள். சதுப்புநில முதலை முட்டை 31 டிகிரி செல்சியஸில் இருந்தால் பொரிவது பெண் குட்டி. 32.5 டிகிரியில் இருந்தால் ஆண் குட்டி! ஒன்றரை டிகிரிக்கு அவ்வளவு வித்தியாசம்.

அதுக்காக ஆமை, உடும்பு பிடிச்சு வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஆனா வெளிச்சூடு தேவைப்படுற ஒரு உயிர் நம்ம வீட்டிலேயே இருக்கு. அதுதான் கோழிக்குஞ்சு. இறகு முளைக்கும் வரை அதால் உடம்புச் சூட்டைக் காப்பாத்த முடியாது. தாய்க்கோழியின் இறக்கைதான் அதுக்கு ஹீட்டர்.

போன ஐப்பசி மழையில எங்க தாய்க்கோழியை நாய் கடிச்சிடுச்சு. பொரிச்சு நாலே நாளான 9 குஞ்சுகள் நடுங்கிக்கிட்டு நின்னுச்சு. அம்மா ஒரகடத்துக்கு ஷிப்ட் வேலைக்குப் போயிடுவாங்க. ஆயாவோட முட்டைக் காசுலதான் எனக்கு நோட்டு, பேனா எல்லாம். அதனால ஆயாவும் நானும் சூட்டுப் பெட்டி செய்தோம்.

செய்முறை:

1. காயலான் கடையில் பெரிய அட்டைப்பெட்டி வாங்கவும். நீளம் 2 அடிக்குக் குறையக் கூடாது. மேல் பக்கத்தில் காற்றுக்கு ஓட்டை போடவும்.

2. அடியில் 2 அங்குலம் உமி பரப்பி, மேலே செய்தித்தாள் விரிக்கவும்.

3. ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு மாட்டி, பெட்டியின் ஒரு ஓரமாகத் தொங்க விடவும். எல்.இ.டி. பல்பு உதவாது, அதில் வெளிச்சம் வரும், சூடு போதாது. பல்பு அட்டையில் படக் கூடாது, தீப்பிடிக்கும். கரண்ட் வேலையைப் பெரியவங்களே செய்யணும்.

4. இன்னொரு ஓரம் குளிர்ச்சியா இருக்கட்டும். சூடு அதிகமானா குஞ்சு அங்கே ஒதுங்கும். தண்ணீர்த் தட்டை அங்கேயே வைக்கவும். குஞ்சு மூழ்காமல் இருக்கத் தட்டில் கூழாங்கல் போடவும்.

5. முதல் வாரம் பல்புக்குக் கீழே 35 டிகிரி வேணும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறையுற மாதிரி பல்பை உயர்த்தவும். அறிவியல் மிஸ்கிட்ட கேட்டு ஆய்வகத் தெர்மாமீட்டர் வாங்கி அளந்தேன்.

தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளைப் பாருங்க. பல்புக்குக் கீழே ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கத்தினா குளிருதுன்னு அர்த்தம். வாயைத் திறந்துக்கிட்டு ஓரத்துக்கு ஓடினா சூடு அதிகம். பரவலா நின்னு மேய்ந்தா சரியா இருக்கு.

ராத்திரி கரண்ட் போனா, பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுத்தி உள்ளே வைக்கவும். கரி நெருப்பு வைக்காதீங்க, புகையில் குஞ்சு செத்துடும்.

எங்க 9 குஞ்சில் 8 பிழைச்சுது. நாலு வாரத்தில் இறகு வந்ததும் பெட்டியை எடுத்துட்டோம். அதில் மூணு பெட்டை இப்போ முட்டை வைக்குது.

சந்தேகம் இருந்தா மதிய இடைவேளையில் எங்க வகுப்புக்கு வாங்க. பெட்டியைக் கொண்டு வந்து காட்டுறேன்.

– 9ஆம் வகுப்பு மாணவி