இலித்தியமும் உடைமையும்: பொலிவிய அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

புவிச்சரிதவியலார் ‘வளம்’, ‘ஒதுக்கு’ என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்தி வழங்குவர். நிலத்தடியில் உள்ளதெனக் கணிக்கப்படும் கனியம் முழுவதும் வளம். அதனுள், இன்றைய தொழினுட்பத்தைக் கொண்டு, இன்றைய விலையில், இலாபத்துடன் எடுக்கக்கூடிய பகுதியே ஒதுக்கு. ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனத்தின் அண்மைக்காலக் கணிப்புகளின்படி பொலிவியாவின் இலித்திய வளம் ஏறத்தாழ 2 கோடி 30 இலட்சம் தொன். உலகின் மிகப் பெரிய வளங்களுள் இது ஒன்று. ஆயினும் ஒதுக்குகளின் பட்டியலில் அந்நாட்டின் பெயர் இடம்பெறவில்லை. அயல்நாடான சிலியே அதில் முதலிடம் வகிக்கின்றது. இம்முரண்பாட்டின் காரணங்கள் ஆராயத்தக்கவை.

இயற்கை ஒரு காரணம். பொத்தோசி மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 3,600 மீற்றருக்கும் மேலான உயரத்தில், ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் விரிந்து கிடப்பது உயூனி உப்புவெளி. அதன் அடியிலுள்ள உவர்நீரைத் தடாகங்களில் ஆவியாக்கியே இலித்தியக் காபனேற்றைப் பெறுவது வழக்கம். சிலியின் அற்றக்காமாப் பாலைநிலத்தோடு ஒப்பிடுகையில் உயூனியில் மழை அதிகம்; உவர்நீரில் மகனீசியத்தின் விகிதமும் மிக அதிகம். ஆண்டுக்கு 15,000 தொன் கொள்ளளவுடைய அரச ஆலை 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோதும், மறு ஆண்டின் உற்பத்தி அவ்வளவை அணுகவில்லை.

மற்றைய காரணம் வரலாறு. 1545இல் கண்டறியப்பட்ட பொத்தோசி வெள்ளி ஐரோப்பாவை வளப்படுத்தியது. கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்ட சுதேச மக்களுக்கு மிஞ்சியது வறுமையே. 1952ஆம் ஆண்டுப் புரட்சி, மூன்று பெருமுதலாளிகளின் வெள்ளீயச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. எனினும், விந்தோவில் அரச உருக்காலை 1971இல் இயங்கத் தொடங்கும் வரை, தாதுவின் பெரும்பகுதி அந்நிய நாடுகளிலேயே உருக்கப்பட்டது. சுரங்கம் மக்களுடையதாயினும் உலையும் சந்தையும் பிறருடையனவாக இருந்தன. 1985இல் வெள்ளீய விலை சரிந்தபோது இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட சுரங்கத் தொழிலாளர் வேலையிழந்தனர்.

இந்நினைவே இலித்திய ஒப்பந்தங்களின் மீது கவிந்துள்ளது. 1992இல் அமெரிக்க நிறுவனமொன்றுடன் செய்த ஒப்பந்தம் பொத்தோசி மக்களின் எதிர்ப்புக்கிடையே மறு ஆண்டே கைவிடப்பட்டது. 2018இல் ஜேர்மன் நிறுவனமொன்றுடன் கூட்டு முயற்சி உருவாயிற்று; 2019 நவம்பர் தொடக்கத்தில் ஈவோ மொராலெஸ் அரசே அதனை இரத்துச் செய்தது. சில நாட்களில் அவர் பதவி நீங்கியதை ‘இலித்தியச் சதி’ என்று மட்டும் விளக்குவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர்: மாநிலத்துக்குரிய பங்கு போதாதென அவ்வொப்பந்தத்தை எதிர்த்துப் போராடியவர்கள் பொத்தோசி மக்களே. 2024இல் உருசிய, சீன நிறுவனங்களுடன் கைச்சாத்தான ஒப்பந்தங்களும் மறு ஆண்டில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தன. மூலதனத்தின் தாயகம் மாறியபோதும் மக்களின் வினா மாறவில்லை.

அவ்வினாவுக்குச் சுரங்க உடைமை மட்டும் விடையாகாது. உலகில் மிகுதியாக இலித்தியத்தை அகழ்ந்தெடுக்கும் அவுஸ்திரேலியாகூடத் தன் தாதுவின் பெரும்பகுதியைச் சுத்திகரிப்புக்காகச் சீனாவுக்கே அனுப்புகின்றது. 2022இன் இறுதியில் உச்சத்தை எட்டிய விலை, அடுத்த ஈராண்டுகளுள் 80 வீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. சுத்திகரிப்பு, மின்கல உற்பத்தி, தொழினுட்ப அறிவு ஆகியவற்றில் பங்கின்றி மூலப்பொருளை மட்டும் விற்கும் நாடு இத்தகைய வீழ்ச்சியின் முழுச் சுமையையும் தாங்க நேரும். ஆகவே அந்நிய முதலீட்டை ஏற்பதா மறுப்பதா என்பதோடு விவாதம் நின்றுவிடலாகாது. எத்தொழினுட்பம் நாட்டுக்குக் கைமாறும், எவ்வளவு நீர் செலவாகும், உப்புவெளியைச் சூழ வாழும் சமூகங்களுக்குத் தீர்மானத்தில் என்ன பங்குண்டு என்பனவற்றை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் வரிவரியாகத் தேடுதல் வேண்டும்.