வெறிநாய் நோயைக் கண்டறியும் புதிய முறை

கடித்த நாய் இறந்துபோகுமானால், அது வெறிநோயால் இறந்ததா என்று அறிவது ஊரார் அனைவருக்கும் அவசியமாகும். அந்நாய் வேறு மனிதரையும் கால்நடைகளையும் கடித்திருக்கக் கூடுமன்றோ?

வெறிநோய் ஒருவகை வைரஸ் கிருமியால் உண்டாவது. இக்கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளையை அடைந்து, பின்னர் உமிழ்நீரில் கலக்கின்றது. ஆகவே, இறந்த நாயின் மூளையைச் சோதித்தே நோயை உறுதிசெய்வர். 1903-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் நெக்ரி, நோயுற்ற மூளையில் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். ஆயினும், நோயுற்ற எல்லா நாய்களிடத்தும் அவை தென்படுவதில்லை. 1958-இல் இதனினும் நம்பகமான எதிர்ப்பொருள் சோதனை வகுக்கப்பட்டது.

எதிர்ப்பொருள் என்பது யாது? உடலில் நுழைந்த கிருமியைப் பற்றிக்கொள்ள உடல் உண்டாக்கும் புரதமே அது. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, தனக்குரிய கிருமியோடு மட்டுமே அது பொருந்தும். ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை மூளைப் பூச்சின்மீது இட்டுக் கழுவினால், கிருமி உள்ள இடங்கள் விசேஷ நுண்பெருக்கியில் பசுமையாக ஒளிரும்.

முன்னர் எதிர்ப்பொருளைப் பிராணிகளின் இரத்தத்திலிருந்தே எடுத்தனர். பிராணிக்குப் பிராணி அதன் தரம் வேறுபட்டது. 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்னும் அறிஞர்கள் ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருளைச் சுண்டெலி அணுக்களிலிருந்து பெற வழி கண்டனர். இன்றோ, எதிர்ப்பொருளுக்குரிய ஜீனைப் பிரித்தெடுத்து, பாக்டீரியா முதலிய அணுக்களுள் புகுத்தி வளர்க்கின்றனர். இதுவே மறுசேர்க்கை எதிர்ப்பொருளாகும். தேர்ந்த விதைநெல்லைப் பெருக்குவது போல, சிறந்த ஒன்றைத் தெரிந்தெடுத்துத் தரம் குன்றாமல் வேண்டுமளவு பெருக்கலாம். இத்தகைய தேர்வுக்கு வழிகோலிய ஸ்மித், விண்டர் ஆகியோர் 2018-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

சில நிமிடங்களில் முடிவு காட்டும் சோதனைப் பட்டைகளும் எதிர்ப்பொருளைக் கொண்டே செய்யப்படுகின்றன. ஆனால் பட்டையில் கோடு தோன்றவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று துணிதல் ஆகாது. ஆய்வுக்கூடச் சோதனையால் உறுதிசெய்தல் வேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை சில உள. இறந்த நாயை வெறுங்கையால் தொடவோ, அறுக்கவோ எவரையும் அனுமதிக்கலாகாது. உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். கடியுண்டவர் சோதனை முடிவுக்காகக் காத்திருத்தல் கூடாது. புண்ணைச் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று ஊசி போட்டுக்கொள்ளல் வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது.

சோதனை நோயை அறிவிக்கும். தடுப்பூசியே நோயைத் தடுக்கும். ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடச் செய்வதே ஊரைக் காக்கும் வழியாகும்.