கவுண்ட் இறங்கினால் பப்பாளி இலையா?

சம்பா நடவு தொடங்கி மழை பிடித்துவிட்டால், காய்ச்சலோடு வருகிறவர்கள் கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருக்கிறது. பிளேட்லெட் கவுண்ட் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போயிருந்தால் டெங்குதான் என்று வீட்டிலேயே முடிவு கட்டி, நாலைந்து நாள் பப்பாளி இலைச்சாறு குடித்த பிறகே மருத்துவமனைக்கு வருகிறார்கள். மலேரியா வந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிளேட்லெட் குறைகிறது. மலேரியாவாக இருக்கலாம் என்ற நினைப்பே எழாமல் நாள் கடப்பதுதான் ஆபத்து.

சீட்டில் மற்ற எண்கள்

மலேரியாவில் ஹீமோகுளோபினும் இறங்கும். கிருமி புகுந்த சிவப்பணுக்கள் உடைவதோடு போவதில்லை. கிருமி தொடாத அணுக்களையும் மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையும் மந்தமாகிவிடுவதால், தாமதிக்கத் தாமதிக்க ஆள் வெளுத்துப்போகிறார். வெள்ளையணு பெரும்பாலும் சரியாகவோ சற்றுக் குறைந்தோ இருக்கும்; அதைக் கண்டு தொற்று இல்லையென்று நிம்மதியடைய வேண்டாம். நோயை உறுதிசெய்வது ரத்தத் தடவல் சோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம்.

‘இலைச்சாற்றில்தானே சரியானது?’

இப்படிக் கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் விவாக்ஸ் என்ற வகை மலேரியாவின் போக்கைக் கவனியுங்கள். குளிர் நடுக்கி, காய்ச்சல் ஏறி, வியர்த்து இறங்கும். மறுநாள் ஆள் எழுந்து நடமாடுவார். அதற்கடுத்த நாள் மறுபடி நடுக்கும். அந்த இடைநாளின் பெருமையை முந்தின நாள் குடித்த கஷாயமோ, மெடிக்கலில் வாங்கிய ஒரு வேளை மாத்திரையோ தட்டிக்கொண்டு போகிறது. கவுண்டும் அப்படித்தான், சரியான மருந்து கொடுத்தால் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானே ஏறிவிடும். மலேரியாக் கிருமியைப் பப்பாளி இலை கொல்லாது, நிலவேம்பும் கொல்லாது. பிளேட்லெட் குறைந்திருக்கும்போது உடம்புவலிக்கென்று ஆஸ்பிரின், புரூஃபென் விழுங்குவது ரத்தக்கசிவை வரவழைக்கலாம். கவுண்டை ஏற்ற ஸ்டீராய்டு ஊசி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதை என்னவென்று சொல்வது!

‘டெல்டாவில் மலேரியா ஏது?’

குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் இந்த மண்ணுக்கு அது புதிதல்ல. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பட்டுக்கோட்டைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குப் பாய்ந்தபோது மலேரியாவும் கூடவே வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அங்கே ஆய்வு செய்து, வீடுகளுக்குள் பைரீத்ரம் மருந்தடித்துக் கொசுவைக் கட்டுப்படுத்திப் பார்த்தார். நெற்பயிர் ஓரடி உயரம் தாண்டினால் அங்கே மலேரியா பரப்பிய வகை அனோபிலஸ் கொசு வயலில் முட்டையிடுவது அநேகமாக நின்றுவிடும் என்பதும் அங்கே தெரியவந்தது. இளம்பயிர் நிற்கும் வாரங்களே கவலைக்குரியவை. இன்று நடவுக்கு வெளிமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள்; நம் பிள்ளைகளும் சென்னை, மும்பை போய்த் திரும்புகிறார்கள். யார் உடம்பில் கிருமி இருந்தாலும் பரப்புவதற்குக் கொசு இங்கே இருக்கிறது. அரிதாகிவிட்ட நோய் என்பதாலேயே அதை மறந்துவிடுகிறோம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

குளிர்காய்ச்சல் என்றால் முதல் நாளே சோதனைக்கு ரத்தம் கொடுங்கள். வெளியூர் போய்வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டியை மூடுங்கள், வலைக்குள் படுங்கள். விவாக்ஸ் கிருமி ஈரலில் பதுங்கியிருந்து மாதங்கள் கழித்தும் கிளம்பும். அதை ஒழிக்கத்தான் 14 நாள் பிரைமாகுயின். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கூடாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொட வேண்டாம். எழுதிக் கொடுத்தால், காய்ச்சல் மூன்றாம் நாளே விட்டாலும் 14 நாளும் சாப்பிட்டு முடியுங்கள்.