பத்து ரூபாய் பாட்டிலும் யானைப் பாதமும்

நீலகிரியின் டாஸ்மாக் மதுக்கடைகளில் 2022 மே மாதம் முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வந்துவிடும். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு இது. காரணம் இதுதான்: காட்டோரம் காரை நிறுத்திக் குடித்துவிட்டு வீசுகிற பாட்டில் உடைந்து, யானையின் காலில் ஏறுகிறது.

மூன்று நான்கு டன் எடையுள்ள மிருகத்தை ஒரு கண்ணாடிச் சில்லு என்ன செய்துவிடும்? அது புரிய அந்தக் காலின் உள்ளே பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் உரல் மாதிரி தட்டையாகத் தெரிந்தாலும், எலும்புகளின் அமைப்பில் யானை விரல் நுனியில் நிற்கும் விலங்கு. குதிகால் பக்கத்து இடைவெளி முழுக்கக் கொழுப்பும் நாருமாக ஒரு மெத்தை நிரம்பியிருக்கிறது. அந்த மெத்தைக்குள் ஆறாவது விரலைப் போல முட்டுக்கொடுக்கும் எலும்பொன்று இருப்பதை 2011-இல்தான் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கால் ஊன்றும்போது மெத்தை பிதுங்கி அகலும், தூக்கும்போது சுருங்கும். அத்தனை பெரிய உடம்பு சருகு மேல் சத்தமில்லாமல் நடப்பதும், சேற்றில் புதைந்த காலை எளிதாக உருவிக்கொள்வதும் இதனால்தான்.

நீலகிரியின் முதுமலைப் பக்கம் போனால் யானையைவிட அதன் தடம் கண்ணில் படவே வாய்ப்பு அதிகம். முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்னங்காலுடையது சற்று நீள்வட்டம். ஈர மண்ணில் உள்ளங்கால் ரேகைகூடப் பதிந்திருக்கும். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய தோள் உயரம் வந்துவிடும். ஆனால் புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை விட்டு இறங்கி நூல் பிடித்து அளக்கக் கூடாது. அந்த வேலையை வனத்துறைக்கு விட்டுவிடுங்கள்.

ஈர மண்ணில் ரேகையாகப் பதியும், பிடிமானத்துக்காக அமைந்த உள்ளங்கால் வெடிப்புகளில்தான் கண்ணாடிச் சில்லு மாட்டுகிறது. அடுத்த அடியில் மொத்தப் பாரமும் அதை உள்ளே அழுத்தும். புண் சீழ் பிடித்தாலும் யானையால் படுத்துக் கிடக்க முடியாது. நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி தேடி நடந்தாக வேண்டும். முகாம் யானை என்றால் பாகன் காலைத் தூக்கிப் பார்ப்பார். காட்டு யானைக்கு மயக்க ஊசி போட்டால்தான் உண்டு, அதிலும் ஆபத்து இருக்கிறது.

ஜூஸ், ஊறுகாய் பாட்டில்களுக்கு டாஸ்மாக் தரும் அந்தப் பத்து ரூபாய் கிடையாது. அவற்றை ஊருக்குள் கொண்டுவந்து காயலான் கடையில்தான் போட வேண்டும். கண்ணாடிக்கு அங்கே பெரிதாக ஒன்றும் தரமாட்டார்கள்.