உப்புக் காற்றில் ஒரு கேஸ் கிரில்

காரைக்காலில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "மொட்டை மாடியில் வைத்து மீன் சுட கேஸ் கிரில் வாங்கப் போகிறேன். 40,000 பி.டி.யு., ஆயுளுக்கும் துருப்பிடிக்காத ஸ்டீல் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?"

முதலில் அந்த எண்ணை ஒதுக்கிவிடலாம். அடுப்பு மணிக்கு எவ்வளவு கேஸை எரிக்கும் என்பதைத்தான் பி.டி.யு. சொல்கிறது. அதில் எவ்வளவு சூடு மீனில் இறங்கும் என்று சொல்வதில்லை. 40,000 பி.டி.யு. என்றால் ஏறக்குறைய 11.7 கிலோவாட். எல்லா பர்னரையும் முழுதாகத் திறந்தால் மணிக்கு 900 கிராம் கேஸ் போகும்; 14.2 கிலோ சிலிண்டர் 15 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக வரும். வெளிநாட்டு மாடல் என்றால் அந்த எண்ணுக்கும் உத்தரவாதம் இல்லை. ஜெர்மனியில் 50 மில்லிபார் அழுத்தத்துக்கு ஜெட் பொருத்திய கிரில், நம் வீட்டு ரெகுலேட்டர் தரும் 30 மில்லிபாரில் முக்கால் பங்கு சூடுதான் கொடுக்கும். கடல்காற்று அடிக்கும் மாடியில் சூட்டைக் காப்பது நன்றாகப் பொருந்தும் மூடி. அதைத் திறந்து மூடிப் பாருங்கள்.

'துருப்பிடிக்காத' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி 1913-ல் இந்த எஃகை உருக்கினார். நம்மூரில் சேலம் உருக்காலை 1980-களிலிருந்து அதைத் தகடாக உருட்டித் தருகிறது. வரலாறு இவ்வளவு போதும்.

இந்த எஃகும் காற்றுப்பட்ட உடனே ஆக்சிஜனோடு வினைபுரியத்தான் செய்கிறது. ஆனால் அதில் கலந்திருக்கும் குரோமியம் இரும்பை முந்திக்கொண்டு ஆக்சிஜனைப் பிடித்து, மேலே ஒரு படலமாகப் படிந்துவிடுகிறது. ஒன்றிலிருந்து மூன்று நானோமீட்டர் தடிமன், கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் தானே மூடிக்கொள்ளும். இதைத் துளைக்கத் தெரிந்தது கடல் உப்பில் இருக்கும் குளோரைடு.

கடற்காற்றில் வரும் உப்புத் துகள்கள் மாடியில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீர்த்துவிடும். காரைக்காலில் பெரும்பாலான இரவுகளில் அது தாண்டிவிடுகிறது. கடல் உப்பில் கலந்த மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆக, மழையே பெய்யாவிட்டாலும் கிரில்லின் மேல் உப்புநீர்ப் பூச்சு ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. படலத்தின் பலவீனமான ஓரிடத்தில், பெரும்பாலும் எஃகுக்குள் சிக்கிய மாங்கனீசு சல்பைடு துணுக்கின் ஓரத்தில், குளோரைடு உள்ளே இறங்குகிறது.

பிறகு நடப்பதைச் சொல்ல டெல்டாக்காரர்களுக்கு எலி வளையே போதும். வரப்பில் வெளியே தெரிவது சிறு ஓட்டை. உள்ளே அறை அறையாக விரியும். எஃகிலும் அப்படித்தான்: மேலே கடுகளவு பழுப்புப் புள்ளி, உள்ளே குகை. வளைக்குள் விவசாயியின் கை எட்டாது. குழிக்குள் ஆக்சிஜன் எட்டாது, எனவே படலம் ஆறாது. உள்ளே எலி குட்டி போட்டுப் பெருகும்; குழியில் கரையும் உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலமாகின்றன, அவற்றின் மின்னூட்டத்தை ஈடுகட்ட மேலும் குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது, அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றின் அளவுக்கு ஏறுகிறது, இன்னும் உலோகம் கரைகிறது. வயல் முழுக்க விளைந்த கதிர்கள் அந்த ஒரு வளைக்குள் போய்ச் சேரும்; குழியிலோ திசை மட்டும் தலைகீழ்: பளபளக்கும் மேற்பரப்பு முழுவதிலும் நடக்கும் ஆக்சிஜன் வினைக்கு வேண்டிய எலக்ட்ரான்கள் எல்லாம் அந்த ஒரு குழியிலிருந்து பறிக்கப்படுகின்றன. மேற்பரப்பு பெரிதாக இருக்க இருக்க, குழி வேகமாக ஆழமாகும். தகடு முழுக்க மின்னும்போதே ஓரிடத்தில் ஓட்டை விழுவது இதனால்தான். புள்ளியைத் துடைத்துவிட்டுக் குண்டூசியால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் வேலை முடிந்தது.

உடம்புத் தகட்டில் ஓட்டை விழுந்தால் அழகு மட்டும் போகும். மெல்லிய சுவருள்ள பர்னர் குழாயில் விழுந்தால், வரக்கூடாத இடத்தில் தீ வரும். மீனில் தடவிய உப்பும் எலுமிச்சையும் சொட்டுவதும் அதன் மேல்தான்.

கடைகளில் காந்தம் வைத்துக் காட்டுவார்கள்: ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீலாம். இந்தச் சோதனை பாதிதான் சரி. நிக்கல் இல்லாத 430 ரகத்தில் காந்தம் ஒட்டும், உண்மை. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 200 வரிசை மலிவு ரகங்களிலும் காந்தம் ஒட்டாது. உப்புக் காற்றில் அவை நல்ல ரகமான 304-ஐவிட முன்னதாகவே தோற்றுவிடும். மாடிப்படிக்கு ரெயிலிங் செய்யும் பட்டறைகளில் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையே மேல். 304-ல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். அதுவும் கடலோரத்தில் புள்ளி வாங்கும், ஆனால் தாங்கும். 316-ல் சேரும் இரண்டு மூன்று சதவீத மாலிப்டினம் குழி விழுவதை வெகுவாகத் தடுக்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறும். ஆயுளுக்கும் என்ற வாக்கை இந்தக் கடற்கரையில் எந்த ரகத்துக்கும் கொடுக்க முடியாது.

காரைக்கால் வாசகருக்கு என் பரிந்துரை: இரண்டு பர்னர் போதும். உடம்பு பெயின்ட் பூசிய வார்ப்பு அலுமினியமாக இருக்கட்டும். கம்பித் தட்டு வார்ப்பிரும்பு. அது துருப்பிடித்தால் வெளியே தெரியும், தேய்த்து எண்ணெய் தடவினால் சரியாகும். பர்னர் குழாய் மட்டும் 304-க்குக் குறையக் கூடாது. சமைத்து ஆறியதும் நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்த பிறகே உறை போடுங்கள். ஈரத்தோடு மூடினால் உப்புநீரைப் பூட்டி வைப்பதாகும். பர்னரின் ரகத்தைக் கடைக்காரர் பில்லில் எழுதித் தர மறுத்தால், அந்த கிரில்லை வாங்காதீர்கள்.