ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவதும் போவதும் ஏன்? 50% ஒதுக்கீடு முதல் பாண்ட் வரை... முழு விளக்கம்!

"நம்ம ஊர் ஆஸ்பத்திரியில போன வருஷம் ஒரு டாக்டர் இருந்தாரே, நல்லா பார்ப்பாரு... அவர் எங்க போனாரு?"

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்வருகிற யாரும் எப்போதாவது கேட்டிருக்கும் கேள்விதான் இது. "மேல்படிப்புக்குப் போயிட்டாரு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

சாதாரணமாகத் தெரியும் இந்தப் பதிலுக்குப் பின்னால் மருத்துவர்களின் போராட்டம், உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு, மாநில உரிமை விவாதம் என்று ஒரு பெரிய கதையே இருக்கிறது. கிராமத்துக்கு டாக்டர் எப்படி வருகிறார், ஏன் போகிறார், அவரைத் தங்கவைக்க என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

முசரவாக்கத்தில் இருந்து பார்த்தால்...

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள கிராமம் முசரவாக்கம். பட்டுக்கும் கோயில்களுக்கும் பேர்போன காஞ்சிபுரம்தான் இந்தப் பகுதிக்குத் தலைமையிடம். இங்கே ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவத்தில் அவருக்கு என்னென்ன படிகள் இருக்கின்றன?

முதல் படி, துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. இங்கே டாக்டர் இருக்க மாட்டார், கிராம சுகாதார செவிலியர் இருப்பார்.

இரண்டாவது படி, ஆரம்ப சுகாதார நிலையம். 30,000 பேருக்கு ஒன்று. எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டரை நோயாளி முதன்முதலில் பார்ப்பது இங்கேதான்.

மூன்றாவது படி, வட்டார அளவிலான மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும். மகப்பேறு, குழந்தைகள் நலம், எலும்பு, மயக்கவியல் போன்ற சிறப்பு மருத்துவர்கள் இங்கே இருக்க வேண்டும்.

கடைசிப் படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இங்குதான் காஞ்சிபுரத்துக்கு ஒரு விநோதமான நிலை. 1965இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி பல காலம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. கல்லூரி அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களின் பட்டியலில் தென்காசி, மயிலாடுதுறை, பெரம்பலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூரோடு காஞ்சிபுரமும் இருக்கிறது. மாவட்டத்தில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காரப்பேட்டையில் அண்ணா பெயரிலான அரசு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. ஆனால் எல்லாத் துறைகளும் சேர்ந்த அரசு மருத்துவக் கல்லூரி வேண்டும் என்றால் செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும்.

நாள் முழுக்கக் குழித்தறியில் உட்கார்ந்து முதுகுவலி, முழங்கால்வலியோடு இருக்கும் ஒரு நெசவாளருக்கு இது வெறும் தூரக் கணக்கு இல்லை. அவர் ஒரு நாள் சென்னைக்குப் போனால் அன்றைக்குத் தறி ஓடாது, கூலியும் கிடையாது. அதனால்தான் ஊருக்குப் பக்கத்தில் டாக்டர் இருப்பது முக்கியமாகிறது.

டாக்டர்களே குறைவா? இல்லை, இருக்கும் இடம்தான் சிக்கலா?

தமிழ்நாட்டில் மாநில அரசின் மருத்துவக் கல்லூரிகள் மட்டுமே 36. 2022 ஜனவரி 12ஆம் தேதி ஒரே நாளில் 11 புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றால் மட்டும் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள் கூடின.

2023இல் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. 10 லட்சம் மக்களுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள், அதற்கு மேல் புதிய இடங்கள் கிடையாது என்றது அந்த விதி. தமிழ்நாடு அந்த வரம்பை ஏற்கெனவே தாண்டிவிட்டது. மாநிலங்கள் எதிர்த்ததால் விதி தள்ளிவைக்கப்பட்டது. காஞ்சிபுரம் போன்ற கல்லூரி இல்லாத மாவட்டங்களின் எதிர்பார்ப்புக்கு இது நேரடி இடைஞ்சல்.

ஆக, டாக்டர்களை உருவாக்குவதில் தமிழ்நாடு பின்தங்கவில்லை. அவர்களை எங்கே நிறுத்துவது, எப்படித் தங்கவைப்பது என்பதில்தான் சிக்கல். நாடு முழுக்கவும் இதே நிலைதான். கிராமப்புற சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் சிறப்பு மருத்துவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் இல்லை என்று மத்திய அரசின் 2021-22 கிராமப்புற சுகாதாரப் புள்ளிவிவரமே சொல்கிறது.

எம்.பி.பி.எஸ். முடித்தவர் கிராமத்துக்கு ஏன் வருகிறார்?

அரசு டாக்டர்களைத் தேர்வு செய்வதற்காகவே 2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தைத் தமிழ்நாடு அமைத்தது. எம்.ஆர்.பி. என்று சொல்வது இதைத்தான். இந்த வாரியம் தேர்ந்தெடுத்த 2,642 உதவி மருத்துவர்களுக்கு 2025 பிப்ரவரியில் பணி ஆணை வழங்கப்பட்டது. தேர்வில் தமிழ்த் தாளில் தகுதி பெறுவதும் கட்டாயம். நோயாளி சொல்வது டாக்டருக்குப் புரிய வேண்டுமே!

சரி, நகரத்தில் தனியாரில் வேலை பார்க்க முடிந்த இளம் டாக்டர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏன் வருகிறார்? அரசு வேலை, நிலையான சம்பளம் எல்லாம் சரி. ஆனால் பெரிய ஈர்ப்பு வேறு ஒன்று. அதுதான் முதுநிலைப் படிப்பு.

இன்றைய நிலையில் வெறும் எம்.பி.பி.எஸ். போதாது, எம்.டி. அல்லது எம்.எஸ். வேண்டும் என்பதுதான் இளம் டாக்டர்களின் எண்ணம். அதற்கான இடங்களோ குறைவு. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு அங்கே தனிக் கதவு இருக்கிறது.

எளிய கணக்காகப் பார்க்கலாம். ஓர் அரசுக் கல்லூரியில் 100 முதுநிலை இடங்கள் இருந்தால்,

* 50 இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும்.
* மீதி 50 மாநிலத்தின் கையில்.
* அதில் பாதி, அதாவது 25 இடங்கள், பணியில் இருக்கும் அரசு மருத்துவர்களுக்கு.
* கடைசி 25 மற்ற எல்லோருக்கும்.

இதைத்தான் '50% அரசு மருத்துவர் ஒதுக்கீடு' என்கிறோம். மாநில இடங்களில்தான் 50%, மொத்த இடங்களில் இல்லை. இவர்களும் நீட் முதுநிலைத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் போட்டி அரசு மருத்துவர்களுக்கு இடையில் மட்டும் நடக்கும்.

2017இல் கதவு மூடியபோது...

இந்தக் கதவு ஒரு கட்டத்தில் மூடப்பட்டது. அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிப்படி, முதுநிலைப் பட்டயப் படிப்பில்தான் அரசு மருத்துவர்களுக்கு 50% இடம். அதுவும் எளிதில் எட்டாத, சிரமமான பகுதிகளில் 3 ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும். எம்.டி., எம்.எஸ். பட்டப் படிப்புக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது. அந்தப் பகுதிகளில் வேலை பார்த்த ஆண்டுக்கு 10% வீதம், அதிகபட்சம் 30% வரை ஊக்க மதிப்பெண் மட்டும் உண்டு. உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2016இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

2017 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் இந்த விதியைத்தான் பின்பற்ற வேண்டும் என்றது. தமிழ்நாடு முழுக்க அரசு டாக்டர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

மலைக்கிராமம் சிரமமான பகுதி, சரி. நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற, ஆனால் போதிய வசதி இல்லாத ஊர் எந்தக் கணக்கில் வரும்? ஊக்க மதிப்பெண் எந்த ஊருக்கு, எந்த மருத்துவமனைக்கு என்ற பட்டியலே அடுத்தடுத்து நீதிமன்ற வழக்காகிப்போனது. மாவட்டத் தலைமையிடத்தை ஒட்டிய கிராமங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம்.

2020 தீர்ப்பு என்ன சொன்னது?

தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடர்ந்த வழக்கு, 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி தீர்ப்பு வந்தது. முதுநிலைப் பட்டப் படிப்பில் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு, மருத்துவக் கவுன்சில் அதைத் தடுக்க முடியாது என்றது அமர்வு.

அதே தீர்ப்பில் பலரும் கவனிக்காத இன்னொரு பகுதி இருக்கிறது. இப்படி இடம் பெறுபவர்கள் படித்து முடித்தபின் கிராமப்புறம், பழங்குடிப் பகுதி, மலைப்பகுதிகளில் குறைந்தது 5 ஆண்டு பணியாற்றும்படி மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும், அதற்குப் பிணைப் பத்திரம் வாங்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

ஏன் அப்படிச் சொன்னது? நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

கதவும் அதுவே, ஓட்டையும் அதுவே!

மேல்படிப்பு என்ற ஈர்ப்புதான் எம்.பி.பி.எஸ். டாக்டரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவருகிறது. இடம் கிடைத்ததும் அவரை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போவதும் அதே ஈர்ப்புதான். மூன்று ஆண்டு படித்து எலும்பு மருத்துவராகவோ மயக்கவியல் நிபுணராகவோ திரும்புகிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதில் அர்த்தமும் இல்லை. அங்கே அறுவை அரங்கு, கருவிகள், குழு எல்லாம் அவர் படிப்புக்கு ஏற்ற அளவில் இருக்காது.

ஆக, ஊர்க்காரருக்குப் பயன் இரண்டு வழியில் கிடைக்க வேண்டும். ஒன்று, போனவரின் இடத்துக்கு அடுத்த டாக்டர் தாமதம் இல்லாமல் வர வேண்டும். இரண்டு, படித்துத் திரும்புகிறவர் பெருநகரத்தில் தங்காமல் மாவட்ட, வட்டார மருத்துவமனைக்கு வர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் 50% ஒதுக்கீடு மக்களுக்கு லாபம். நடக்காவிட்டால் அது டாக்டர்களுக்கு மட்டும் லாபமாக முடிந்துவிடும்.

சம்பளமும் இதில் சேரும். மேல்படிப்பு ஒதுக்கீட்டோடு, 2009ஆம் ஆண்டின் அரசாணை 354இன்படி காலமுறை ஊதிய உயர்வையும் கேட்டுத்தான் 2019 அக்டோபர் கடைசியில் அரசு மருத்துவர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

பாண்ட் போட்டால் தங்கிவிடுவார்களா?

அரசுப் பணியில் சேராமல் நேரடியாக அரசுக் கல்லூரியில் முதுநிலை படிப்பவர்களிடம் மாநிலங்கள் 'பாண்ட்' வாங்குகின்றன. படித்து முடித்தபின் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும், மறுத்தால் பெரிய தொகை கட்ட வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் படித்ததற்கு இது நியாயமான நிபந்தனைதான் என்று 2019 ஆகஸ்ட் 19இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆனால் பாண்ட் ஆளைக் கொண்டுவரும், தங்கவைக்காது. காலம் முடிந்த மறுநாளே கிளம்பத் தடை இல்லை. தொடர்ந்து ஒரே டாக்டரிடம் காட்ட வேண்டிய சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு இது போதாது.

ஊர்ப் பிள்ளையே டாக்டர் ஆனால்?

கிராமத்தில் வளர்ந்த மாணவர்களை மருத்துவப் படிப்பில் அதிகம் சேருங்கள், அவர்கள் கிராமத்தில் வேலை பார்க்க வாய்ப்பு கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2010லும் 2021லும் வெளியிட்ட பரிந்துரைகள் சொல்கின்றன.

ஜப்பானில் 1972இல் தொடங்கப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு மாகாணத்தில் இருந்தும் மாணவர்களை எடுக்கிறார்கள். படிப்புச் செலவு அவர்கள் தலையில் விழாது. பதிலுக்கு, முடித்தபின் சொந்த மாகாணத்தில் 9 ஆண்டு பணி, அதில் கணிசமான காலம் பின்தங்கிய ஊர்களில்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் இதே மாதிரி ஏற்பாடு பல காலமாக உண்டு. திருச்சபைகளின் பரிந்துரையோடு சேரும் மாணவர்கள், படித்து முடித்ததும் தேவையுள்ள ஊர்களின் மிஷன் மருத்துவமனைகளில் 2 ஆண்டு வேலை பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2020இல் கொண்டுவந்த 7.5% உள் ஒதுக்கீட்டை இந்தக் கண்ணோட்டத்திலும் பார்க்கலாம். 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கான ஒதுக்கீடு இது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு என்பதால், முதல் அணி டாக்டராக வெளியே வருவது 2026ஐ ஒட்டித்தான். அவர்களில் எத்தனை பேர் தங்கள் மாவட்டத்துக்கே திரும்புகிறார்கள் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடுத்த தேர்வு.

டாக்டர் வரும்வரை?

டாக்டரை மட்டுமே நம்பி கிராமச் சுகாதாரம் இல்லை. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். தறியை விட்டு எழ முடியாத நெசவாளருக்கு இது ஒரு நாள் கூலியைக் காப்பாற்றுகிறது.

முதுநிலை மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும், எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்ற விதிகளும் வந்திருக்கின்றன. படிக்கும்போதே கிராமம் பழகட்டும் என்பதுதான் நோக்கம்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

புதிய டாக்டர்களுக்குப் பணி ஆணை வழங்கும் செய்தி வரும்போது எண்ணிக்கையோடு நிறுத்திவிட வேண்டாம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பணியிடம், எத்தனை காலி, மேல்படிப்புக்குப் போனவருக்குப் பதில் யார் வந்தார்? கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தாராளமாகக் கேட்கலாம்.

டாக்டர் மேல்படிப்புக்குப் போவது தப்பே இல்லை. அவர் போன மறுநாள் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.